அயலும் எல்லையும்: கணினி நினைவகம் எழுப்பும் ஓர் அறவியல் வினா

அயல் என்ற சொல் நம்மவர் பேச்சில் இடத்தையும் குறிக்கும், உறவையும் குறிக்கும். அயலவர் என்போர் நாம் தேர்ந்துகொண்டவர் அல்லர்; இடம் காரணமாக வாய்த்தவர். அவர்பால் நமக்குள்ள கடமை யாது என்பது அறவியலின் பழைய வினாக்களுள் ஒன்று. அதன் ஒரு கூறு மாத்திரமே இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றது. ஒருவன் தன் எல்லையை அறியாது கடந்து அயலவனுக்குத் தீங்கு விளைத்தானாயின், அத்தீங்கிற்குப் பொறுப்பாளி யார்? கடந்தவனா, அன்றித் தன் வசதியின் பொருட்டு அவ்விருவரையும் வேலியின்றி அருகருகே இருத்திய மூன்றாமவனா?

இவ்வினாவைக் கணினி நினைவகத்தைக் கொண்டு ஆராய்வது சிலருக்கு விந்தையாகத் தோன்றலாம். ஆயின், சி மொழியில் எழுதப்படும் சாதன இயக்கிகள், அதாவது வலையட்டை, வட்டு, அச்சுப்பொறி முதலிய கருவிகளைக் கணினியின் இயங்குதளத்தோடு இணைக்கும் செய்நிரல்கள், தமக்கு ஒதுக்கப்பட்ட நினைவகத்தில் தரவுகளை அடுத்தடுத்து இருத்தும் முறை இவ்வினாவை அரிய தெளிவுடன் முன்வைக்கின்றது. மனிதரிடையே எல்லை மீறப்படும்போது பகை, வறுமை, பழிவாங்கல், மறதி எனப் பல காரணங்கள் வந்து கலந்து விடுகின்றன. நினைவகத்தில் அவை எவையும் இல்லை. எல்லையும் பொறுப்புமே எஞ்சுகின்றன.

முதலில் நமக்குப் பழக்கமான ஒன்றை நோக்குவோம். திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த ஊர்களில் ஒரு வீட்டுப் பெட்டியிலிருக்கும் காணி உறுதியை விரித்துப் பார்த்தால், அதன் அட்டவணைப் பகுதி காணியை எவ்வாறு இனங்காட்டுகின்றது? காணிக்குப் பெயரும் விஸ்தீரணமும் உண்டு. எனினும் காணியைத் தனியாகப் பிரித்துக் காட்டுவன நாற்றிசை எல்லைகளே. கிழக்கே ஒழுங்கை, தெற்கே இன்னாரின் வளவு, மேற்கே கடற்கரை, வடக்கே இன்னாரின் காணி என்று உறுதி செல்கின்றது. அது அயலவரைச் சாட்சியாக நிறுத்துகின்றது. அயலவரின் உறுதி நம்மைச் சாட்சியாக நிறுத்துகின்றது. அயல் நிலைத்திருக்கும் வரையில் இம்முறை வலிமை வாய்ந்தது. போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து பல்லாண்டுகள் கழித்து மீண்டோர் அதன் மறுபக்கத்தைக் கண்டனர். உறுதி கையில் இருந்தது. வேலி இல்லை, கிணறு தூர்ந்திருந்தது, வடக்கெல்லையாக எழுதப்பட்டவரும் ஊரில் இல்லை. தாளில் பிழை ஏதுமில்லை. அது சுட்டும் நிலம் எது என்பதே வழக்காயிற்று. காணி எல்லை என்பது இம்மாவட்டத்தில் இலேசாகச் சொல்லிவிடக்கூடிய சொல் அன்று.

சி மொழி அயலை அறியும் முறை இதனின்றும் வேறானது. அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் 1970களின் தொடக்கத்தில் டெனிஸ் ரிச்சி உருவாக்கிய இம்மொழியில், வெவ்வேறு வகையான தரவுகளை ஒரு பெயரின்கீழ்த் தொகுப்பதைக் கட்டமைப்பு என்பர். அதன் உறுப்புகள் எழுதப்பட்ட ஒழுங்கிலேயே நினைவகத்தில் ஒன்றன்பின் ஒன்றாக அமையவேண்டும் என்பது மொழியின் விதி. ஆனால் செய்நிரல் இயங்கும் வேளையில் உறுப்புகளின் பெயர்கள் எங்கும் இருப்பதில்லை. தொகுப்பி அவற்றைத் தூரங்களாக மாற்றிவிடுகின்றது: தொடக்கத்திலிருந்து எட்டாவது பைற்று, இருபதாவது பைற்று என்றவாறு. உறுதி அயலவரைப் பெயர் சொல்லி அழைக்கின்றது. சி மொழியோ மதகிலிருந்து நாற்பதாவது அடி என்பதுபோலத் தூரத்தை மாத்திரம் அறிகின்றது. நாற்பதாவது அடியில் இன்று யார் குடியிருக்கின்றார் என்று அது விசாரிப்பதில்லை.

இடையில் வெற்றிடங்களும் உண்டு. ஒரு பைற்று அளவுள்ள எழுத்தொன்றை அடுத்து நான்கு பைற்று முழுவெண் ஒன்றை எழுதினால், பெரும்பாலான கணினிகளில் இவற்றுக்கு நடுவே மூன்று பைற்றுகள் வெறுமையாக விடப்படும்; முழுவெண்ணின் முகவரி நான்கால் வகுபடுவது செயலிக்கு வாய்ப்பானது என்பதே காரணம். இவ்வெறுமையும் முற்றிலும் வெறுமை அன்று. அதே நினைவகத்தை முன்னர் பயன்படுத்தியவர் விட்டுச்சென்றவை அங்கே கிடக்கக்கூடும். கட்டமைப்பை முழுவதாகப் படியெடுத்து வெளியே அனுப்பும்போது அவ்வெச்சங்களும் உடன் செல்கின்றன. இயங்குதளங்களில் இத்தகைய கசிவுகள் பல கண்டறியப்பட்டுத் திருத்தப்பட்டுள்ளன. குடியிருந்தவர் போன பின்னர் அறையைப் பெருக்காமல் அடுத்தவருக்குக் கொடுப்பது போன்றது இது.

இனி, இயக்கிகளை நோக்குவோம். லினக்ஸ் இயங்குதளத்தில் ஒரு வலையட்டையின் இயக்கி இருவகைத் தரவுகளை வைத்திருக்க வேண்டியிருக்கின்றது. எல்லா வலையட்டைகளுக்கும் பொதுவான பெயர், முகவரி, நிலை முதலியன ஒருவகை. குறித்த அட்டைக்கே உரிய வரிசைகளும் பதிவேடுகளும் மற்றொரு வகை. இவ்விரண்டையும் வெவ்வேறாகக் கேட்டுப் பெறலாம். ஆயினும் லினக்ஸ் அவ்வாறு செய்வதில்லை. பொதுக் கட்டமைப்பின் நீளத்தை 32இன் மடங்காக உயர்த்தி, அதனோடு தனிக் கட்டமைப்பின் நீளத்தைக் கூட்டி, இரண்டிற்குமாக ஒரே நிலத்துண்டை ஒதுக்கும் முறை நெடுங்காலமாக வழக்கில் இருந்து வந்தது. இயக்கிக்குக் கிடைப்பது முதலாவதன் முகவரி மாத்திரம். இரண்டாவதை அடைவதற்கு முதலாவதன் நீளத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். எதிர்த்திசையிலும் இது நிகழ்கின்றது: ஓர் உறுப்பின் முகவரி கிடைத்தால் அதன் தூரத்தைக் கழித்து, அதனைத் தன்னுள் கொண்ட கட்டமைப்பின் தொடக்கத்தை அடையும் உத்தி லினக்ஸ் கருவகம் எங்கும் பரவிக் கிடக்கின்றது. கூட்டலும் கழித்தலும் எப்போதும் ஒரு விடையைத் தந்துவிடும். அவ்விடத்தில் நாம் தேடுபவர்தாம் இருக்கின்றாரா என்பதைக் கணக்கு அறியாது.

அருகருகே இருத்துவதனால் வரும் ஆதாயம் மெய்யானது. ஒதுக்கீடு ஒன்றே; தோல்வியும் ஒன்றே. விடுவிக்கும்போது ஒன்றை விடுத்து மற்றதை மறந்துவிடும் இடர் இல்லை. இன்று பரவலாக வழங்கும் செயலிகள் நினைவகத்தை 64 பைற்றுக் கூறுகளாக அள்ளியெடுப்பதனால், அண்மையில் உள்ளவை விரைவாகக் கைக்கு வருகின்றன. ஆகவே, அண்மையைத் தேர்ந்தவரைச் சோம்பேறி என்றோ கவலையற்றவர் என்றோ கூறுதல் பொருந்தாது. அவர் ஒரு நன்மையைப் பெறுகின்றார். அந்நன்மைக்கு விலை உண்டா என்பதே வினா.

தீங்கு எவ்வாறு நிகழ்கின்றது? பதினாறு இடங்கள் உள்ள ஒரு வரிசையில் இயக்கியொன்று பதினேழாவதை எழுதிவிடுகின்றது என்று கொள்வோம். மொழி தடுப்பதில்லை. பயனர் செய்நிரல்களுக்கிடையே வன்பொருள் எழுப்பும் சுவர் கருவகத்தின் உள்ளே, ஓர் இயக்கிக்கும் மற்றோர் இயக்கிக்கும் இடையே, இல்லை. எழுதப்பட்டது அடுத்திருந்த கட்டமைப்பின்மேல் விழுகின்றது. எழுதியவருக்கு ஒன்றும் நேர்வதில்லை. அவர் தம் வேலையை முடித்துக்கொண்டு செல்கின்றார். சில கணங்களோ சில நாள்களோ கழித்து, வேறொரு செய்நிரல் அந்த அயற்கட்டமைப்பை நம்பிக்கையுடன் வாசித்து நிலைகுலைகின்றது. விபத்தறிக்கையில் முதலில் இடம்பெறுவது விழுந்தவரின் பெயர். தள்ளியவர் அப்போது அருகில்கூட இல்லை. குற்றவியல் படிக்கும் மாணவர் இத்தகைய அறிக்கைகள் சிலவற்றை வாசிப்பது நன்று என்பது என் எண்ணம்.

2024 ஜூலை 19ஆம் நாள் உலகறிய நிகழ்ந்தது இவ்வகையைச் சார்ந்ததே. கிரௌட்ஸ்ட்ரைக் என்னும் நிறுவனத்தின் பாதுகாப்பு இயக்கி, வரிசையொன்றில் 21 உள்ளீடுகள் உள்ளன எனக் கருதும் விதிகளைப் பெற்றது. உண்மையில் அதற்கு வழங்கப்பட்டவை 20. அவ்வாண்டின் முற்பகுதியிலேயே இம்முரண்பாடு உள்ளே இருந்தது. எனினும் முன்னைய விதிகள் இருபத்தொன்றாவதற்கு எதுவாயினும் ஏற்கலாம் என்றே கூறியதனால், அதனை எவரும் வாசிக்கவில்லை. அன்று வந்த புதிய விதியொன்று அதனை வாசிக்கச் சொன்னது. இயக்கி வரிசையின் ஓரத்தைக் கடந்து அயலில் கிடந்ததை முகவரியென எண்ணிப் பின்தொடர்ந்தது. மைக்ரோசொஃப்ட் நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் செயலிழந்தன. விமானங்கள் தரித்து நின்றன. ஐக்கிய இராச்சியத்தில் குடும்ப மருத்துவர் பலருக்கு நோயாளரின் பதிவுகள் கிட்டவில்லை. பைற்றுகளுக்கு வலி இல்லை, எனவே இங்கு அறவியலுக்கு இடமில்லை என்பார்க்கு அந்த நோயாளரே விடை.

இந்நிகழ்வில் இறுதியாகக் கைவைத்தவர் யார்? அன்றைய விதிக்கோப்பை எழுதி வெளியிட்டவர். பொதுமக்களின் சினம் அவரையே தேடும். நமது இயல்பு அத்தகையது. ஆயினும் அந்நிறுவனம் பின்னர் வெளியிட்ட ஆய்வறிக்கையே வேறு இடங்களைச் சுட்டியது: 21ஐ எதிர்பார்க்கும் வரையறைக்கும் 20ஐ வழங்கும் செய்நிரலுக்கும் இடையிலான முரண்பாட்டை எவரும் ஒப்புநோக்கவில்லை, வாசிக்கும் இடத்தில் எல்லை பரிசோதிக்கப்படவில்லை. விதியை எழுதியவர் தமக்கு உண்டு என்று சொல்லப்பட்ட ஓர் இடத்தையே பயன்படுத்தினார். அவரைக் குற்றவாளியாக்குவது, உறுதியில் எழுதப்பட்ட எல்லைவரை உழுதவனைத் தண்டிப்பதற்கு ஒப்பாகும்.

சட்டவியல் இதே இக்கட்டை நெடுங்காலத்திற்கு முன்னரே சந்தித்துள்ளது. இங்கிலாந்தின் லங்காஷயரில் ரைலண்ட்ஸ் என்பவர் தமது ஆலைக்காக ஒரு நீர்த்தேக்கம் அமைப்பித்தார். தொழில் அறிந்தோரையே அப்பணியில் அமர்த்தினார். அந்நிலத்தின் அடியில் கைவிடப்பட்ட பழஞ்சுரங்க வழிகள் இருந்ததை அவர் அறியார். 1860இல் நீர் அவ்வழிகளால் இறங்கி அயலவரான பிளெட்சரின் சுரங்கத்தை நிறைத்தது. ரைலண்ட்ஸிடம் கவலையீனம் இல்லை என்பது ஒப்புக்கொள்ளப்பட்டது. இருப்பினும் 1868இல் பிரபுக்கள் சபை அவரையே பொறுப்பாளி எனத் தீர்த்தது. தன் பயன் கருதித் தன் நிலத்தில் தீங்கு விளைக்கவல்ல ஒன்றைச் சேர்த்து வைப்பவன், அது வெளியேறாமல் காக்கும் பொறுப்பையும் ஏற்கின்றான் என்பது அத்தீர்ப்பின் சாரம். பின்வந்த நீதிமன்றங்கள் இவ்விதியின் எல்லையைக் குறுக்கின. அவுஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 1994இல் அதனைத் தனிவிதியாக வைத்திருக்கத் தேவையில்லை என்று கூறிக் கவலையீனம் பற்றிய பொதுவிதியுள் அடக்கிவிட்டது. சட்டம் எவ்வாறாயினும் அதன் அறவுணர்வு அசைக்க முடியாதது என்பதே என் கருத்து. ஆதாயம் எவருடையதோ, எல்லைக்காவலும் அவருடையது. அயலவர் அந்த ஆதாயத்தில் பங்கு கேட்கவில்லை. அருகில் இருக்க இசைவும் தரவில்லை.

திருகோணமலையில் வாழ்வோர்க்கு நீர்த்தேக்கத்தைவிட அண்மையான எடுத்துக்காட்டு உண்டு. பிரித்தானியக் கடற்படையின் தேவைக்கென இரு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் கட்டப்பட்ட சீனக்குடா எண்ணெய்க் குதங்களுள் இன்று எஞ்சியிருப்பன 99. மேற்பகுதிக் குதங்கள் மரங்களுக்கிடையே ஒன்றையொன்று விலகி நிற்கின்றன. சிக்கனம் பேசுவோர்க்கு இவ்விலகல் வீணாகத் தோன்றும். குழாயின் நீளம் கூடும், காவலும் கூடும். 1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானத் தாக்குதலின்போது விமானமொன்று வீழ்ந்து ஒரு குதம் எரிந்தழிந்தது. அதன் சிதைவு இன்றும் உண்டு. அயற்குதங்களும் உண்டு. நெருப்பு எங்கு விழும் என்பதைக் குதங்களை நிறுவியவர் முன்னறிந்திருக்க முடியாது. எங்கேனும் விழலாம் என்ற எண்ணத்துடன் இடைவெளி விட்டனர். எண்ணெய்க் குதத்தைச் சூழ அதன் கொள்ளளவைத் தாங்கக்கூடிய அணையை எழுப்புதல் இன்று எங்கும் பொதுவிதி. அதற்கான செலவை அயலவரிடம் எவரும் கேட்பதில்லை.

2022 ஜனவரியில் இக்குதங்கள் ஒப்பந்தத்தின்மூலம் பிரிக்கப்பட்டன: 14 லங்கா இந்திய எண்ணெய்க் கூட்டுத்தாபனக் கம்பனிக்கு, 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திற்கு, 61 இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்திற்கு. தாளில் கோடு கீறப்பட்டமையால் இரும்பில் ஏதும் மாறிவிடவில்லை. நினைவகத்திலும் அவ்வாறே. இவ்வளவு உனது, அவ்வளவு அவனது என்பது செய்நிரலாளரின் மனத்திலும் குறிப்பிலும் இருக்கும் பிரிவினை. பைற்றுகளில் அதன் தடயம் இல்லை.

இங்கு ஒரு மறுப்பு எழலாம். எல்லை கடத்தல் எப்போதும் பிழையா? வேண்டுமென்றே, நல்ல நோக்குடன் கடப்பதும் உண்டே! கம்பியில்லா வலையமைப்புச் செய்தியின் தலைப்பில் ஆறு பைற்று முகவரிகள் மூன்று அடுத்தடுத்து வருகின்றன. முதலாவதில் தொடங்கி 18 பைற்றுகளை ஒரேயடியாகப் படியெடுத்தால் மூன்றும் வந்துவிடும். இயக்கி எழுதுவோர் பலர் அவ்வாறே செய்தனர். செய்நிரல் சரியாகவே நடந்தது. ஆயின், ஆறு பைற்று உறுப்பில் 18 பைற்றைக் கையாளும் இச்செயலுக்கும், கணக்குத் தவறி அயலைக் கடக்கும் செயலுக்கும் புறத்தே எவ்வித வேறுபாடும் இல்லை. கருத்து ஒன்று நன்று, மற்றது தவறு, செயல் ஒன்றே. கருத்தை அறியமுடியாத தொகுப்பி இரண்டையும் அனுமதிக்கவேண்டும், அல்லது இரண்டையும் தடுக்கவேண்டும். செயலைக் கருத்தால் மதிப்பதா, விளைவால் மதிப்பதா என்று நம் வகுப்பறைகளில் நடக்கும் விவாதம் இங்கே பொறியியல் இடர்ப்பாடாக வந்து நிற்கின்றது.

லினக்ஸ் உருவாக்குவோர் 2021இல் கண்ட வழி, கருத்தை வெளிப்படையாக எழுதச் செய்தல். அடுத்தடுத்த உறுப்புகளை ஒருசேரக் கையாள விரும்புவோர் அவற்றை ஒரு குழுவென முன்கூட்டியே பெயரிட்டு அறிவிக்க வேண்டும். மேற்கூறிய மூன்று முகவரிகளும் இவ்வாறு ஒரு குழுவாயின. நினைவகத்தில் ஒரு பைற்றேனும் இடம் மாறவில்லை. செய்யும் வேலையும் மாறவில்லை. முன்னர் சொல்லாமல் செய்யப்பட்டது பின்னர் சொல்லிச் செய்யப்பட்டது. சொல்லாதவற்றைத் தடுக்கத் தொகுப்பிக்கு அதன்பின்னரே இயன்றது.

இம்மாற்றத்தை எரிச்சலுடன் நோக்கியோரும் இருந்திருப்பர். இத்தனை ஆண்டுகள் இவ்வாறுதானே செய்தோம் என்பது அவர்தம் வாதமாக இருக்கும். இதற்கும் காணி வழக்குகளில் ஓர் ஒப்புமை உண்டு. இலங்கையில் 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச்சட்டப்படி, பிறர் காணியைப் பத்தாண்டுகள் தடையின்றி, உரிமையாளருக்கு எதிரான நிலையில் ஆண்டுவந்தவர் அதன்மேல் உரிமை கோரலாம். நெடுவழக்கு உரிமையாகின்றது. ஆனால் இவ்விதியின் நியாயம், உரிமையாளர் எழுந்து தடுக்க முடிந்தும் தடுக்கவில்லை என்பதில் தங்கியிருக்கின்றது. போரினால் தம் நிலத்திற்கு வரவே இயலாதிருந்தோருக்கு இது கொடுமையாக முடிந்தது. ஆகவேதான் 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அத்தகையோருக்கு எதிராகக் கணக்கிடாது விடுத்தது. குரலெழுப்ப முடியாதவரின் மௌனத்தைச் சம்மதமெனக் கொள்ளக்கூடாது என்பதே அதன் அடிப்படை. நினைவகத்து அயலவர் ஒருபோதும் குரலெழுப்ப முடியாதவர். பத்தாண்டு அல்ல, ஐம்பதாண்டு பிழையின்றி நடந்தாலும் அங்கு நெடுவழக்கு உரிமையைத் தருவதில்லை. 2017இல் லினக்ஸில் சேர்க்கப்பட்ட ஒரு வசதி, கட்டமைப்பின் உறுப்புகளின் வரிசையையே குலுக்கி மாற்றவல்லது. தாக்குவோரைக் குழப்புவதே அதன் நோக்கம். ஆயினும், எழுதப்படாத அயலை நம்பியிருந்த செய்நிரல்களும் அதனால் குழம்பின.

மொழியை மாற்றிவிட்டால் எல்லாம் தீரும் என்போர் உளர். எல்லையைத் தானே பரிசோதிக்கும் ரஸ்ட் மொழிக்கு 2022 இறுதியில் வெளியான லினக்ஸ் பதிப்பில் இடம் கிடைத்தது. அது வரவேற்கத்தக்கதே. எனினும் இயக்கிகளின் உலகில் கருவியே நேராக நினைவகத்தில் எழுதுகின்றது. எத்தனை பைற்று எழுதவேண்டும் என்று கருவிக்குச் சொல்வது மனிதரே. அந்த எண் தவறானால் மொழியின் காவல் அங்கு எட்டாது. புதிய மொழி, காவல் எட்டாத இடங்களைத் தனியே குறித்துக்காட்டும்படி எழுதுபவரைக் கட்டாயப்படுத்துகின்றது. என் நோக்கில் அதன் பெருஞ்சிறப்பு இதுவே.

வலையட்டைகளின் பொதுக் கட்டமைப்பும் 2024இல் திருத்தப்பட்டது. அதுவரை கூட்டலினால் மாத்திரம் அறியப்பட்ட தனிப்பகுதி, இப்போது அக்கட்டமைப்பின் வரையறையிலேயே இறுதி உறுப்பாகப் பெயருடன் எழுதப்பட்டுள்ளது. உறுப்பின் நீளத்தைக் காட்டும் எண் எங்குள்ளது என்பதையும் அருகில் குறிப்பிடும் வசதி தொகுப்பிகளில் வந்துள்ளது. குறிப்பிட்டால், அவ்வெண்ணைக் கடக்கும் செயலைத் தொகுப்பி பிடித்துக்கொள்ளும். இன்னும் திருத்தவேண்டியவை ஏராளம். அவற்றுட் பல, இப்போது எவரும் தயாரிக்காத அட்டைகளுக்காகப் பல்லாண்டுகளுக்கு முன் எழுதப்பட்டவை. எழுதியவர்கள் வேறு பணிகளுக்குச் சென்றுவிட்டனர். அட்டையோ பரிசோதித்துப் பார்க்கக் கிடைப்பதில்லை. வரிசையில் உண்மையில் எத்தனை இடங்கள் என்பதைச் செய்நிரலின் பிற பகுதிகளிலிருந்து ஊகித்தே எழுதவேண்டியிருக்கின்றது, வடக்கெல்லைக்காரர் இல்லாத ஊரில் நில அளவையாளர் பழைய மரத்தின் அடிக்கட்டையைத் தேடுவது போல.